பொன்னாடையும் உருளைக்கிழங்கும்

எங்கள் ஆட்கள் மேடையில் ஏறி, "இரண்டே இரண்டு வார்த்தை பேசிவிட்டு அமர்கிறேன்" என்று சொன்னால், கீழே இருப்பவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வது நல்லது. இதைப் பகிடியாகச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அந்த இரண்டு வார்த்தையில் ஒரு குசினி, ஒரு சமையலறையே, போய்விட்டது.

என் வீட்டுக் குசினி அல்ல. லண்டன் ஸ்ட்ரெதமில் நான் இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ரயில் பாதையை ஒட்டி, அயர்லாந்துக்காரர்கள் கட்டிய ஒரு மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே வந்து வீதி போட்டவர்களும் கட்டடம் கட்டியவர்களும் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்களும் கைக்காசு போட்டு எழுப்பியது. பிறகு அவர்களின் பிள்ளைகள் நல்ல நிலைக்கு வந்து தூரத்து ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கிழடுகள் மட்டும் மிஞ்சின. அந்த இடைவெளியில்தான் நாங்கள் நுழைந்தோம். கறி மணக்கும் என்று மற்ற மண்டபக்காரர்கள் கதவைச் சாத்திய காலத்தில் எங்கள் பிறந்தநாளும் அரங்கேற்றமும் செத்தவர்களுக்கான அந்தியேட்டிச் சாப்பாடும் அங்கேதான் நடந்தன. கதவின் திறப்பை எங்கள் கையில் கொடுத்தவர் ஒரு பெண். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு மழை ஊரில் பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் ஒன்றில் மதியச் சாப்பாடு சமைத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொண்டார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். எங்களோடு பழகி 'ஓம்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆனால் என் ஞாபகத்தில் அவர் சொன்னதெல்லாம் எங்கள் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் அங்கே போனது பசியில். குரோய்டனில் இருக்கும் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு அகதி வழக்குக்காக அலைந்துகொண்டிருந்த காலம். யாரோ சொன்னார்கள், வியாழக்கிழமை மதியம் அந்த மண்டபத்தில் சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று. வாசலில் போய் நின்றேன். நரைக்கத் தொடங்கிய செம்பட்டைத் தலையோடு ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாளி உருளைக்கிழங்கையும் தோல் சீவும் கத்தியையும் முன்னால் வைத்துவிட்டுப் போனார். எனக்கு முதலில் சுரீர் என்றது. சாப்பாடு கேட்டு வந்தவளிடம் வேலை வாங்குகிறாளே மனுஷி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சீவினேன். அன்று அந்த மேசையில் என்னைச் சுற்றி நாலைந்து பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்த்து "ஏன் அழுகிறாய்" என்று கேட்கவில்லை.

பல வருடம் கழித்து இதைப் பற்றி அக்காவிடம் கேட்டேன்.

"கிழங்கு சீவிறவளை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம் பிள்ளை. கை சும்மா இருந்தால்தான் எல்லாருக்கும் உன்ரை கதையை அறியிற விடுப்பு வரும்" என்றார்.

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. புதிதாக யார் வந்தாலும் முதலில் கிழங்கு. புருஷனிடம் அடி வாங்கி வந்தவளுக்கும் கிழங்கு, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் கிழங்கு, வீட்டை விடச் சொன்ன கவுன்சில் கடிதத்தோடு வந்தவளுக்கும் கிழங்கு. வாளி காலியாவதற்குள் அவர்களே பேசத் தொடங்குவார்கள். ஒருவரோடு ஒருவர் கோபித்துக்கொண்டு திரிகிற இரண்டு பேரை ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவ விடுவார். வியாழக்கிழமை யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். சாப்பாடு முடிந்ததும் போன் எடுப்பார். மறுபக்கம் எடுக்கவில்லையென்றால் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விடுவார். மண்டபத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஆண்டுக் கூட்டம் நடக்கும்போது இவர் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். தலைமை என்றால் என்ன என்று இன்று என்னிடம் யாராவது கேட்டால், அந்தத் தேத்தண்ணிக் கேத்திலைத்தான் காட்டுவேன்.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தபோது சொன்னார். "அந்த நாளிலை இஞ்சை எங்கையாவது ஐரிஷ் இயக்கத்தின்ரை குண்டு வெடிச்சால் அடுத்த நாள் நாங்கள் பஸ்ஸிலை வாயே திறக்கிறேல்லை. வாயைத் திறந்தால் எந்த நாடெண்டு தெரிஞ்சுபோம்."

எனக்கு அந்த வசதியும் இல்லை அக்கா, நான் வாயை மூடினாலும் என் நிறம் முந்திக்கொண்டு பேசிவிடும் என்றேன். அவர் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் சொந்தம் அவர்தான். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குசினியை மூடப் போகிறார்கள் என்று கதை வந்தது. மண்டபத்தைக் கொண்டு நடத்தும் கமிட்டியில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. குசினியை இடித்து, கொம்பியூட்டரோடு வந்து வேலை செய்கிறவர்களுக்கு வாடகை அறைகள் கட்டப் போவதாகத் திட்டம். அதற்குக் கவுன்சில் சம்மதிக்க வேண்டும். கவுன்சிலில் அந்த விஷயம் ஒரு பெண் கவுன்சிலரின் கையில் இருந்தது. அக்கா கடிதம் போட்டார், பதில் இல்லை. நேரில் போனார், "அப்பொயின்ட்மென்ட்" இல்லை என்றார்கள்.

அப்போதுதான் பெப்ரவரி மாதத்து விழா வந்தது. அது அயர்லாந்தின் பெண் புனிதர் ஒருவரின் திருநாள். இப்போதெல்லாம் அதைப் பெண்களின் நாளாகவே கொண்டாடுகிறார்கள். 'ஐரிஷ் மரபும் பெண்கள் தலைமையும்' என்று அந்த வருட விழாவுக்குத் தலைப்பு. பிரதம விருந்தினர் அதே கவுன்சிலர். மண்டபத்தைப் பாவிக்கும் மற்றச் சமூகத்தவர்களும் பங்குபற்ற வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் அழைப்பு வந்தது: ஒரு நடனம், ஒரு சிறு வாழ்த்து.

நான் சங்கத்தின் மகளிர் அணிச் செயலாளர். கமிட்டிக்காரர்களோடு மல்லுக்கட்டி, எங்கள் நடனத்துக்கும் வாழ்த்துக்கும் பிறகு அக்கா பேச ஐந்து நிமிடம் வாங்கினேன். கவுன்சிலர் முன்வரிசையில் இருக்க, நிறைந்த மண்டபத்தின் நடுவில் அக்கா கேட்பார்: குசினியை விட்டுவையுங்கள் என்று. நாலு பேர் முன்னால் கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அடுத்த கிழமை கவுன்சிலில் முடிவெடுக்கிற கூட்டம். வேறு வழியே இருக்கவில்லை.

அக்கா தன் வாழ்நாளில் மேடையில் பேசியவர் அல்ல. இரண்டு வியாழக்கிழமை கிழங்கு சீவிக்கொண்டே எனக்குப் பேசிக் காட்டினார். நீளப் பேச்சு இல்லை. "இந்த நாட்டிலை தனிச்சுப் போன பொம்பிளையளுக்கு ஒரு மேசை வேணும். மேசையிலை ஒரு வேலை வேணும். அது இஞ்சை இருக்கு. அதை எடுக்காதேங்கோ." அவ்வளவுதான். மூன்றாம் தரம் சொல்லும்போது நானும் கூடவே சொன்னேன்.

அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும் என்ற யோசனை என்னுடையது. அவருடைய ஊரில் அந்தத் திருநாளுக்கு முந்திய இரவு ஒரு துணியை வெளியே வேலியில் போட்டுவைப்பார்கள். அந்தப் புனிதர் அந்த வழியால் போகும்போது தொட்டுவிட்டுப் போவாராம். பிறகு வருடம் முழுக்கத் தலையிடி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான் மருந்து. எனக்கே எத்தனையோ தடவை அதை நெற்றியில் கட்டிவிட்டிருக்கிறார். துணிக்கு மரியாதை தெரிந்த மனுஷி, பொன்னாடையின் அருமை அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். ரூட்டிங்கில் தமிழ்ப் புடவைக் கடையில் நல்லதாகப் பார்த்து, பச்சைக்கரை போட்டது ஒன்று வாங்கினேன். அக்கா பேச எழும்பும்போது நான் போர்த்துவதாக ஏற்பாடு. சங்கத் தலைவரிடமும் சொன்னேன். "அதுக்கென்ன தங்கச்சி, செய்வம்" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்று சும்மாவா சொன்னார்கள்.

விழா நன்றாகத்தான் தொடங்கியது. வயலின்காரர் ஒருவரும் அக்கோடியன்காரர் ஒருவரும் வாசிக்க, சின்னப் பிள்ளைகள் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு காலால் மட்டும் ஆடினார்கள். பிறகு எங்கள் பிள்ளைகளின் பரதம். அக்கா ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் பச்சைக் கம்பளிச் சட்டை போட்டு, உதட்டுச் சாயம்கூடப் பூசிக்கொண்டு, மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் பொன்னாடைப் பெட்டியோடு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

எங்கள் தலைவர் வாழ்த்துரைக்கு ஏறினார். இரண்டே இரண்டு வார்த்தை என்றார்.

தமிழின் தொன்மையில் தொடங்கினார். அதைப் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார். பிறகு இலங்கை ஒரு தீவு என்றார். அயர்லாந்தும் ஒரு தீவு என்றார். பிரிட்டனும் ஒரு தீவுதான் என்று கண்டுபிடித்தபோது அவருக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது. பெண்களைத் தெய்வமாகப் போற்றுகிற இனம் எங்கள் இனம் என்றார். அப்படிப் போற்றுகிறபோது ஒரு பெண் படிக்குப் பக்கத்தில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். நான் கையைக் காட்டினேன். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினேன். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் குரலை உயர்த்தினார். கவுன்சிலர் மடியில் போனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என் காதுக்குள் கேட்டார். "இவர் சொல்லிறது முக்கியமான விசயமோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஏன் நிப்பாட்டுறாரில்லை?"

நான் மறுபடியும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினேன்.

கடைசியாக மைக்கில் என் காதில் விழுந்தது இது: "எமது மகளிர் அணிச் செயலாளர், மதிப்புக்குரிய கவுன்சிலர் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்." கவுன்சிலரையும் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். நான் படியேறித் தலைவரிடம் போனேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அண்ணை, இது அவவுக்கில்லை. கீழை நிக்கிறாவே, அக்காவுக்கு" என்றேன். அவர் கமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, "மேடையிலை இருக்கிற ஆளுக்குத்தானே போடவேணும், பிறகு கதைப்பம்" என்று சொல்லிப் பெட்டியை என் கையிலிருந்து இழுத்தார். நான் விடவில்லை. மேடையில் இரண்டு பேர் ஒரு அட்டைப் பெட்டிக்கு இழுபறிப்படுவதைச் சனம் பார்த்தது. மூடி கழன்றது. பொன்னாடை அவர் கையில் போனது. தானே போர்த்தினார். கை தட்டினார்கள். நான் வெறும் பெட்டியோடு இறங்கி வந்தேன்.

கவுன்சிலர் மைக்கைப் பிடித்து, இந்த அன்பை மறக்கமாட்டேன் என்றார். பெண்களின் தலைமை இந்த மண்டபத்தின் ஒவ்வொரு செங்கல்லிலும் இருக்கிறது என்றார். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். பின்கதவால் போய்விட்டார். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, நேரம் எல்லை மீறிவிட்டது, சாப்பாடு ஆறுகிறது, அதனால் மிகுதி நிகழ்ச்சிகளைச் சுருக்குகிறோம் என்று அறிவித்தார். மிகுதி நிகழ்ச்சி என்றால் அக்காதான்.

அக்கா மேடைப் படியை விட்டு விலகினார். கைக்குட்டையால் உதட்டுச் சாயத்தைத் துடைத்தார். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் போனார்.

நான் பின்னால் ஓடினேன். "ஆக்கள் போக முதல் ஏறிக் கதையுங்கோ அக்கா, நான் மைக்கை வாங்கித் தாறன்."

"ஆருக்குப் பிள்ளை கதைக்கிறது? கேக்கவேண்டிய மனிசி போயிட்டாவே" என்று சொல்லிவிட்டு அகப்பையை எடுத்தார். கிழங்கு மசித்ததும் கோவா என்கிற முட்டைக்கோசும் வேகவைத்த இறைச்சியும் தட்டுத் தட்டாகப் போயின. வந்தவர்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அந்தக் குசினியில் கடைசியாகச் சமைத்த பெரிய சமையல் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் தலைவர் சீனியில்லாத தேத்தண்ணி கேட்டுக் குசினி வாசலுக்கு வந்தார். எனக்குத் தலைக்கேறியது. ஏன் இப்படிச் செய்தீர்கள், பொன்னாடை யாருக்கு என்று சொன்னேனே, ஐந்து நிமிடம் யாருக்கு என்று சொன்னேனே என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். மனுஷனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அக்காவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உவவோ? உவ குசினியிலை வேலை செய்யிற மனிசி எல்லோ தங்கச்சி?" என்றார்.

தலைவருடைய மகளின் அரங்கேற்றம் அந்த மண்டபத்தில்தான் நடந்தது. அன்று வந்த கூட்டத்துக்கு விடியற்காலையிலிருந்து அடுப்பை மூட்டிக் கொடுத்தது இதே மனுஷி. தலைவர் கெட்டவர் அல்ல என்று எனக்குத் தெரியும். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். ஆனால் மேடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மரியாதை இருக்கிறது என்று நம்புகிற சனம் நாங்கள். கதிரையில் இருக்கிறவருக்கு மாலை, கரண்டி பிடிக்கிறவருக்கு ஒரு தலையாட்டல். வெள்ளைக்காரர் எங்களை அப்படி நடத்தினால் இனவாதம் என்று துள்ளுவோம்.

அடுத்த கிழமை கூட்டத்தில், ஆட்சேபம் எதுவும் எழுப்பப்படவில்லை என்று சொல்லிக் குசினியை இடிக்கச் சம்மதம் கொடுத்தார்கள். அக்கா போட்ட கடிதங்களெல்லாம் எந்தக் குப்பைக் கூடைக்குப் போயினவோ! விழாவிலும் ஒருவரும் எதுவும் கேட்கவில்லைதானே. கேட்க ஒரு மனுஷி கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நாங்கள் தீவுக் கதை சொல்லி மறைத்துவிட்டோம்.

பொன்னாடையைக் கவுன்சிலர் கொண்டுபோகவே இல்லை. கோட் மாட்டும் இடத்தில் தொங்கிக் கிடந்தது. எங்கள் விழாக்களில் ஒரே பொன்னாடை பத்துத் தோளில் ஏறி இறங்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அதை எடுத்து அக்காவுக்குப் போர்த்த எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் என் தையல் மெஷினுக்கு மேல் போட்டு வைத்திருக்கிறேன். அது உழைக்கிறது. அதற்குப் போர்த்தலாம்.

இப்போது வியாழக்கிழமைகளில் நான் அக்காவின் பிளாட்டுக்குப் போகிறேன். முழங்கால் போய்விட்டது, வெளியே இறங்குவது குறைவு. மற்ற நாட்களில் ஒரு வான் வண்டியில் பெட்டிச் சாப்பாடு வருகிறது. மைக்ரோவேவில் சூடாக்கித் தனியே சாப்பிடுகிறார். மற்றப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்பார். எனக்குத் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்வேன். தெரியாதவர்கள்தான் அதிகம். அந்த மேசை இல்லையென்றால் அவர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

போன மாதம் அவரோடு மேசையில் இருந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. சங்கத் தலைவர்.

"தங்கச்சி, சந்தோசமான விசயம். இந்தமுறை அந்த ஐரிஷ் விழாவிலை எங்கடை சமூகத்திலையிருந்து ஒரு பெண் தலைவியைக் கௌரவிக்கப் போகினமாம். நாங்கள் உங்கடை பேரைக் குடுத்திருக்கிறம். அந்த வியாழக்கிழமைச் சாப்பாடு நடத்தினனீங்கள் எல்லே, அதுக்காக."

கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன். "நான் அஞ்சு நிமிசம் கதைக்கலாமோ அண்ணை?"

"ஐயோ, நேரம் காணாது தங்கச்சி. எனக்கும் ஒரு வாழ்த்துரை இருக்கு. நீங்கள் சும்மா மேடையிலை வந்து நிண்டால் காணும்."

வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"ஆர் பிள்ளை?" என்றார் அக்கா.

அவர் செய்ததற்கு எனக்குப் பொன்னாடை தரப் போகிறார்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நம்பர் மாறி எடுத்துவிட்டார்கள் என்றேன்.

"நம்பர் மாறி எடுத்தவனோ இவ்வளவு நேரம் கதைச்சவன்? ஓம், ஓம். உங்கடை ஆக்கள் நம்பர் மாறினாலும் பேச்சு வைப்பினம்" என்றார்.

சிரித்தார். நானும் சிரித்தேன். கண் எரிந்தது. இரண்டு பேருக்கு எத்தனை கிழங்கு வேண்டும்? சட்டி நிரம்பி, போதும் அக்கா என்று நான் சொன்ன பிறகும், அவர் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துச் சீவத் தொடங்கினார்.